அரை டீஸ்பூன் மரத்தூளுக்கு 36,000 ரூபாய் மெஷினா?

வழக்கமா இங்க எஸ்.ஐ.பி., டேர்ம் இன்ஷூரன்ஸ், வருமான வரின்னு பேசுவோம். இன்னைக்கு கொஞ்சம் வேற ரூட். கிட்டார் செய்யுற கருவிகளைப் பத்திப் பேசப் போறோம். "இதுக்கும் நம்ம சேனலுக்கும் என்ன சம்பந்தம்?"னு கேட்டா, பதில் ரொம்ப சிம்பிள். ஹாபிக்குன்னு வாங்குற பொருள் தான் இன்னைக்கு இளம் சம்பளக்காரங்களோட கிரெடிட் கார்டுல அதிகம் கவனிக்கப்படாத செலவு. கேமரா, பேக்கிங் ஓவன், தையல் மெஷின் எதுவா இருந்தாலும் கணக்கு ஒண்ணு தான்.

இந்தக் கேள்வி ஆடலூர்ல இருந்து வந்தது. திண்டுக்கல் மாவட்டத்துல, பழனி மலையோட கீழ்மலைப் பகுதியில இருக்குற ஊர். காபி, மிளகு, மலைவாழைன்னு வாழுற ஊர். கேட்ட தம்பிக்கு ஐ.டி. வேலை, கைக்கு வர்ற சம்பளம் 45,000. வாரத்துல பாதி நாள் வீட்டுல இருந்தே வேலை. பழைய வீட்டைப் பிரிச்சப்போ கிடைச்ச ஈட்டி மரச் சட்டம் ஒண்ணு கையில இருக்கு. தாத்தா காலத்து மரம். அதை ஃப்ரெட்போர்டா வெச்சு சொந்தமா ஒரு கிட்டார் செய்யணும்னு ஆசை.

அவரோட கேள்வி இது தான்: "அண்ணே, ஃப்ரெட் காடி வெட்ட 36,000 ரூபாய்க்கு ஒரு டேபிள் சா பாத்து வெச்சிருக்கேன். 12 மாசம் நோ காஸ்ட் இ.எம்.ஐ. இருக்கு. சீப் மெஷின் வாங்கினா துல்லியம் வராதுன்னு சொல்றாங்க. வாங்கலாமா?"

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். வேணாம் தம்பி. இந்த வேலைக்கு சீப் மெஷினே போதும். முதல் கிட்டாருக்கு மெஷினே கூட வேணாம். ஆனா அளவுலயும் பிளேடுலயும் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. ஏன்னு வாங்க பாக்கலாம்.

கிட்டார் கழுத்துல ஒளிஞ்சிருக்கிற கூட்டு வட்டி

கிட்டார் வாசிக்காதவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். கிட்டார் கழுத்துல குறுக்கால போகுதே உலோகக் கம்பிகள், அது தான் ஃப்ரெட். ஒவ்வொரு ஃப்ரெட்டும் மரத்துல வெட்டின ஒரு மெல்லிய காடிக்குள்ள உக்காந்திருக்கும். அந்தக் காடி எங்க இருக்கோ, அங்க தான் சுரம். இடம் மாறினா சுரம் மாறும்.

இந்த இடங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? இங்க தான் நம்ம சப்ஜெக்ட் வருது. ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் சுரத்தோட அதிர்வெண் 5.946 சதவீதம் கூடுது. கூடினதுக்கு மேல கூடுது. 12 தடவை கூடினா சரியா இரட்டிப்பு. இது கூட்டு வட்டியே தான்! நம்ம 72 விதி ஞாபகம் இருக்கா? 72-ஐ வட்டி விகிதத்தால வகுத்தா பணம் எத்தனை வருஷத்துல இரட்டிப்பாகும்னு தெரியும். 6 சதவீத எஃப்.டி.ல 12 வருஷம். கிட்டார்ல கிட்டத்தட்ட 6 சதவீதம், 12 ஃப்ரெட். அதே கணக்கு.

650 மி.மீ. கம்பி நீளம் உள்ள கிட்டார்னு வெச்சுக்கோங்க. கம்பி தொடங்குற நட்-ல இருந்து முதல் ஃப்ரெட் 36.48 மி.மீ. தூரத்துல வரும். 12-வது ஃப்ரெட் சரியா பாதியில, 325 மி.மீ.-ல வரும். 20-வது ஃப்ரெட் 445.26 மி.மீ.-ல. மேல போகப் போக இடைவெளி குறையும். 19-க்கும் 20-க்கும் நடுவுல வெறும் 12 மி.மீ. தான்.

பழைய காலத்துல இந்தக் கணக்கை சுலபமா முடிக்க ஒரு வழி வெச்சிருந்தாங்க. மிச்சம் இருக்குற நீளத்தை 18-ஆல வகு, அடுத்த ஃப்ரெட் அங்க. 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியில வின்சென்சோ கலிலி இதை எழுதி வெச்சார். விஞ்ஞானி கலிலியோவோட அப்பா தான் அவர். இன்னைக்கு நாம வகுக்குற எண் 17.817. 18-க்கும் 17.817-க்கும் என்ன பெரிய வித்தியாசம்? முதல் ஃப்ரெட்ல 0.37 மி.மீ. தான். ஆனா 12-வது ஃப்ரெட்டுக்குப் போறப்போ அது 2.4 மி.மீ. ஆயிடும்.

மியூச்சுவல் ஃபண்ட்ல டைரக்ட் பிளான், ரெகுலர் பிளான் வித்தியாசம் மாதிரி தான் இதுவும். மாசம் 10,000 ரூபாய் எஸ்.ஐ.பி., 20 வருஷம். 12 சதவீத வளர்ச்சின்னு எடுத்தா சுமார் 99.9 லட்சம். செலவு விகிதத்துல ஒரு சதவீதம் போய் 11 ஆனா சுமார் 87.4 லட்சம். ஒரு சதவீதம் தானேன்னு விட்டது 12 லட்சத்துக்கு மேல. சின்ன வித்தியாசம் அடுக்கடுக்கா சேர்ந்தா என்ன ஆகும்னு நமக்குப் புதுசா சொல்ல வேண்டியதில்ல.

தப்பு எங்க சேருது?

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வருவோம். காடி இடம் மாறினா எவ்வளவு கெட்டுப் போகும்?

சுரத் தப்பை "சென்ட்"ங்கிற அளவுல சொல்வாங்க. பக்கத்துப் பக்கத்து ஃப்ரெட்டுக்கு நடுவுல 100 சென்ட். 12-வது ஃப்ரெட் அரை மி.மீ. தள்ளி இருந்தா 2.7 சென்ட் தப்பு. பெரும்பாலானவங்களுக்குக் காதுல தெரியாது. 20-வது ஃப்ரெட்ல அதே அரை மி.மீ. 4.2 சென்ட். கூர்மையான காதுக்கு லேசா உறுத்த ஆரம்பிக்கும்.

ஆனா ஒவ்வொரு காடியையும் முந்தின காடியில இருந்து அளந்து வெட்டினா? ஒவ்வொண்ணுலயும் 0.1 மி.மீ. ஒரே பக்கமா தப்புன்னு வைங்க. பென்சில் கோட்டோட தடிமனை விடக் குறைவு. 12-வதுல அது 1.2 மி.மீ., அதாவது 6 சென்ட்டுக்கு மேல. 20-வதுல 2 மி.மீ., கிட்டத்தட்ட 17 சென்ட். மேல் சுரங்கள் எல்லாம் அபஸ்வரம் தான்.

அதனால வேலை தெரிஞ்சவங்க எல்லாக் காடியையும் நட்-ல இருந்தே அளப்பாங்க. அப்போ ஒரு காடி 0.1 தப்பினா அந்தக் காடியோட போச்சு. அடுத்ததுக்குக் கடன் பாக்கி போகாது.

இதுல மோட்டார் எங்கயாவது வந்துச்சா? வரல பாருங்க. 2,000 வாட் மெஷினா இருந்தாலும், 200 வாட் மெஷினா இருந்தாலும், நீங்க மரத்தை எங்க நிறுத்தறீங்களோ அங்க தான் வெட்டும். இடத்தை முடிவு பண்றது அளவுகோலும் டெம்ப்ளேட்டும்.

டெம்ப்ளேட் ரொம்ப விலை கூடின சமாச்சாரமும் இல்ல. பெயர்ப்பலகை செய்யுற லேசர் கட்டிங் கடைகள் திண்டுக்கல், மதுரை, கோயம்புத்தூர் மாதிரி ஊர்கள்ல கிடைக்கும். 3 மி.மீ. அக்ரிலிக்ல, இந்த அளவுகள்ல ஓரத்துல சின்னச் சின்ன வெட்டுப் போட்டுத் தரச் சொன்னா சில நூறு ரூபாய்ல முடியும். வாங்கினதும் ஸ்டீல் ஸ்கேலை வெச்சு முதல் வெட்டுல இருந்து கடைசி வெட்டு வரைக்கும் ஒரு தடவை அளந்துடுங்க. பேப்பர்ல பிரிண்ட் எடுத்து ஒட்டுறதா இருந்தா இன்னும் கவனம் வேணும். பிரிண்டர் தானா "பக்கத்துக்கு ஏத்த மாதிரி" சுருக்கிடும். 650 மி.மீ. கிட்டார் சத்தமில்லாம 630 ஆயிடும்.

மோட்டாருக்கு வேலையே இல்ல

ஒரு ஃப்ரெட் காடி எவ்வளவு பெருசு? அகலம் சுமார் 0.6 மி.மீ., ஆழம் 3 மி.மீ., நீளம் 60 மி.மீ.னு வெச்சுக்கலாம். பெருக்கினா 108 கன மி.மீ. 20 காடிக்கும் சேர்த்து 2,160. அதாவது 2.2 மில்லிலிட்டர். ஒரு டீஸ்பூன் 5 மில்லிலிட்டர்.

மொத்த கிட்டாருக்கும் நீங்க எடுக்கப் போற மரத்தூள் அரை டீஸ்பூன் கூட இல்ல நண்பர்களே. இதுக்கு எதுக்கு 36,000 ரூபாய் மோட்டார்?

சரி, அந்தப் பெரிய மெஷின் வாங்கினாலும் நேரா வெட்ட முடியுமா? முடியாது. அதோட வர்ற பிளேடு 2 மி.மீ.-க்கு மேல அகலமா வெட்டும். ஃப்ரெட் கம்பியோட அடிப்பகுதி சுமார் 0.5 மி.மீ. தான். 2 மி.மீ. காடியில வெச்சா தலைகீழாக் கவுத்ததும் கீழ விழுந்துடும். 0.6 மி.மீ. பிளேடைத் தனியா தேடி வாங்கணும். அப்போ வேலையைச் செய்யப் போறது அந்த பிளேடு தானே?

பெரிய கிட்டார் கம்பெனிகள் நிலைமை வேற. ஒரே தண்டுல வரிசையா பிளேடுகளை மாட்டி, எல்லாக் காடியையும் ஒரே தள்ளுல வெட்டுற மெஷின் வெச்சிருப்பாங்க. தினமும் நூத்துக்கணக்குல பலகை ஓடுற இடத்துல அது நியாயம். ரெண்டு ஏக்கர் காபி வெச்சிருக்கிறவர் சொந்தமா க்யூரிங் ஆலை போடுவாரா? பழத்தை எடைக்குப் போட்டுட்டு வேற வேலையைப் பாப்பார். அந்தக் கணக்கு ஆடலூர்க்காரங்களுக்கு நல்லாத் தெரியும்.

மலிவு மெஷின்ல எது ஓகே, எது கூடவே கூடாது

மலிவு மெஷின்னா எல்லாமே ஓகேன்னு நான் சொல்லல. இங்க ஒரு கோடு போட்டே ஆகணும்.

ஓகே: ஆன்லைன்ல 5,000 ரூபாய் ரேஞ்சுல கிடைக்கிற மினி டேபிள் சா. வேகத்தைக் குறைக்கிற நாப் இருக்கணும், பிளேடை ஏத்தி இறக்க வசதி இருக்கணும். அதுல மெல்லிய பிளேடு போட்டு, பலகையை நிறுத்தித் தள்ள பிளைவுட்ல ஒரு தட்டு செஞ்சுக்கணும். தட்டோட வேலியில ஒரு சின்ன ஊசி. டெம்ப்ளேட்டை ஃப்ரெட்போர்டு மேல டபுள் சைட் டேப்ல ஒட்டி, ஒவ்வொரு வெட்டா ஊசியில மாட்டி மாட்டித் தள்ளினா, அளவு எடுக்குற வேலையே இல்ல. பிளேடை 3 மி.மீ. மட்டும் வெளிய விட்டா ஆழமும் தானா சரியா வரும்.

இதுலயும் ஒரு செக் இருக்கு. மலிவு மெஷின்ல பிளேடு லேசா ஆடும். 0.6 மி.மீ. பிளேடு ஆடினா காடி 0.8 ஆயிடும். அதனால முதல் வெட்டு நல்ல மரத்துல வேணாம். தோட்டத்துல சில்வர் ஓக் துண்டு கிடக்குமே, அதுல வெட்டிப் பாருங்க. பைக் மெக்கானிக்குகள் டேப்பட் செட் பண்ண வெச்சிருக்கிற ஃபீலர் கேஜை உள்ள விட்டா அகலம் துல்லியமாத் தெரிஞ்சிடும். அப்படியே ஒரு துண்டு ஃப்ரெட் கம்பியை அடிச்சு இறக்கி, கையால இழுத்துப் பாருங்க. வரக் கூடாது.

கூடவே கூடாது: ஆங்கிள் கிரைண்டர்ல மர பிளேடு. மார்பிள் கட்டர்ல மெல்லிய பிளேடு. நம்ம ஊர்ல மார்பிள் கட்டரை வெச்சே மரம் அறுக்கிறதைத் தினமும் பாக்குறோம், அதனால பயம் விட்டுப் போச்சு. இந்த மெஷின்கள் நிமிஷத்துக்கு 11,000, 12,000 சுத்து சுத்தும். கடையில 0.6 மி.மீ.ல கிடைக்கிற ஸ்லிட்டிங் சா பிளேடு, மெதுவா ஓடுற மில்லிங் மெஷினுக்கானது. "ஹை ஸ்பீடு ஸ்டீல்"னு பேர் இருக்கேன்னு ஏமாறாதீங்க. அது இரும்போட வகை, சுத்துற வேகத்துக்கான உத்தரவாதம் இல்ல. பிளேடுக்கு அதிகபட்ச வேகம் எவ்வளவுன்னு கடைக்காரர்கிட்ட கேளுங்க. உங்க மெஷின் வேகம் அதுக்குக் கீழ இருக்கணும். பதில் தெரியலைன்னா அந்த பிளேடை மாட்டாதீங்க. சிதறினா முகத்துக்குத் தான் வரும்.

கண்ணாடி, மாஸ்க் ரெண்டும் கட்டாயம். மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புற்றுநோய் வரவைக்கும்னு உறுதியான பொருட்கள் பட்டியல்ல வெச்சிருக்கு. ஈட்டித் தூள் சிலருக்கு அலர்ஜியும் கொடுக்கும். சுத்துற பிளேடு பக்கத்துல கையுறை போடாதீங்க, அது கையோட சேர்த்து இழுக்கும். இன்னொண்ணும் சொல்றேன். உங்க சம்பளம் பத்து விரல்ல டைப் ஆகி வருது. மலை ஊர்ல இருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வளைவு வளைவா கீழ இறங்கணும். பிளேடுக்கு மேல இருக்குற மூடியைக் கழட்டி வெச்சு மிச்சம் பிடிக்கிற பத்து செகண்டுக்கு அந்தப் பயணம் ஒர்த் இல்ல.

இப்போ கணக்கு போடலாம்

விலைகள் எல்லாம் கணக்குக்காக எடுத்த தோராயம். வாங்குற அன்னைக்கு நீங்க செக் பண்ணிக்கோங்க.

வழி 1: கை ரம்பம். மெல்லிய பல் ரம்பம் 1,500, நேராப் பிடிக்க மைட்டர் பாக்ஸ் 300, டெம்ப்ளேட் 500. மொத்தம் 2,300. ஒரு கிட்டாருக்கு 20 காடின்னா, காடிக்கு 115 ரூபாய்.

வழி 2: மினி டேபிள் சா. மெஷின் 5,000, பிளேடு 1,000, தட்டு 500, டெம்ப்ளேட் 500. மொத்தம் 7,000. காடிக்கு 350 ரூபாய்.

வழி 3: பெரிய டேபிள் சா. மெஷின் மட்டும் 36,000. தனி பிளேடையும் டெம்ப்ளேட்டையும் சேர்க்காமலே காடிக்கு 1,800 ரூபாய்.

"நேரமும் காசு தானே?"னு கேப்பீங்க. கரெக்ட், அதையும் போடுவோம். 45,000 சம்பளம், மாசம் 180 மணி நேரம் வேலை. மணிக்கு 250 ரூபாய். கையால ஒரு காடி 5 நிமிஷம், மெஷின்ல 1 நிமிஷம்னு வெச்சா, ஒரு கிட்டாருக்கு மெஷின் மிச்சம் பண்றது 80 நிமிஷம். அதாவது 333 ரூபாய்.

வழி 1-ஐ விட வழி 2-க்கு 4,700 ரூபாய் கூடுதல். 333-ஆல வகுத்தா 14. பதினஞ்சாவது கிட்டார்ல தான் மினி சா லாபத்துக்கு வரும். தட்டு செய்யுற ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதுல சேர்க்கவே இல்ல. வழி 3-க்கு 33,700 கூடுதல். நூறு கிட்டாரைத் தாண்டணும். வருஷத்துக்கு ரெண்டு கிட்டார் செஞ்சா 50 வருஷம் ஆகும். அதுக்குள்ள ரிட்டயர்மென்ட் வந்துடும் தம்பி.

அப்போ மினி சா யாருக்கு? முதல் கிட்டாரைக் கையால முடிச்சு, ரெண்டாவதும் செஞ்சு, நண்பர்கள் "எனக்கும் ஒண்ணு"ன்னு கேக்க ஆரம்பிச்ச ஆளுக்கு. அவருக்கு முக்கியமான லாபம் நேரம் இல்ல, ஆழமும் நேர்கோடும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வர்றது. அந்த நிலையில 7,000 ரூபாய் நியாயமான செலவு தான்.

எங்க செலவு பண்றது? வீணை சொல்லித் தரும்

தஞ்சாவூர் வீணையைப் பாத்திருப்பீங்க. 2013-ல புவிசார் குறியீடு வாங்கின கருவி. பலா மரத்துல செய்யுறாங்க. அதுல 24 மெட்டுகள். ஆனா அந்த மெட்டுகளை மரத்துல காடி வெட்டி இறக்குறதில்ல. தேன்மெழுகுல கரித்தூள் கலந்து, அந்த மெழுகு மேல பித்தளை மெட்டுகளைப் பதிப்பாங்க. கலைஞர் காதால கேட்டு, கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படின்னு நகர்த்தி சுரம் சேர்ப்பார். வருஷக்கணக்குல மெழுகு தேஞ்சா மறுபடி பதிக்கலாம். அங்க தப்பு பண்ணினா திருத்த வழி இருக்கு.

கிட்டார்ல அந்த வசதி கிடையாது. வெட்டின காடியை நகர்த்த முடியாது. மரத்தூளும் பசையும் வெச்சு அடைச்சு மறுபடி வெட்டலாம், ஆனா தழும்பு நிக்கும். அதுவும் தாத்தா காலத்து ஈட்டித் துண்டு ஒண்ணே ஒண்ணு தான் இருக்கு.

இதுல இருந்து நான் எடுத்துக்கிற விதி: திருத்த முடியுற இடத்துல மலிவா போங்க. திருத்த முடியாத இடத்துல செலவு பண்ணுங்க. கிட்டார்ல திருத்த முடியாதது மூணு. காடியோட இடம், காடியோட அகலம், உங்க விரல். அதுக்கான செலவு டெம்ப்ளேட், பிளேடு, பாதுகாப்பு. மூணும் சேர்ந்து ரெண்டாயிரம், ரெண்டாயிரத்து ஐநூறு வரும். மோட்டார் சரியில்லைன்னா அடுத்த மாசம் மாத்திக்கலாம்.

பண விஷயத்துலயும் அப்படித்தான். போன் மாடல் தப்பாப் போனா ரெண்டு வருஷத்துல மாறிடும். 20 வருஷத்துக்குக் கையெழுத்து போடுற எண்டோமென்ட் பாலிசியும், ஹோம் லோனும் வெட்டின காடி மாதிரி. நாம செய்யுறது பெரும்பாலும் தலைகீழ். போனுக்கு ஒரு வாரம் ரிவ்யூ பாப்போம், பாலிசியில பத்து நிமிஷத்துல கையெழுத்து போடுவோம்.

மரத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு

ஈட்டி மரம், அதாவது தோதகத்தி, உலகம் முழுக்க கிட்டார் ஃப்ரெட்போர்டுக்குப் போற மரம். அதனாலயே கெடுபிடியும் அதிகம். தமிழ்நாட்டுல இதுக்குன்னே 1994-ல தனிச் சட்டம் வந்தது. பட்டா நிலத்துல நின்னாலும் அனுமதி இல்லாம வெட்டக் கூடாதுங்கிறது தான் அதோட அடிப்படையா இருந்தது. 2017-ல சர்வதேச அளவுல ஈட்டி வகை மரங்கள் எல்லாத்துக்கும் வர்த்தகக் கட்டுப்பாடு வந்தப்போ, கிட்டார் கம்பெனிகளே காகிதத்தைத் தூக்கிட்டு அலைஞ்சாங்க. செஞ்சு முடிச்ச இசைக்கருவிகளுக்கு 2019-ல தான் விலக்கு கிடைச்சது.

வீட்டுல பிரிச்ச பழைய மரம்னா, வீடு பிரிச்ச போட்டோ, பஞ்சாயத்து ரசீது ஏதாவது பத்திரமா வெச்சுக்கோங்க. தோட்டத்துல நிக்கிற மரத்தைத் தொடணும்னா முதல்ல வனத்துறை அலுவலகத்துல கேளுங்க. ஒரு கிட்டாருக்காக கேஸ் வாங்கினா அதை விடப் பெரிய நஷ்டம் இல்ல.

இன்னொரு விஷயம் மலை ஈரம். பனி மூட்டத்துல ஊறின மரத்துல வேலை செஞ்சு, கிட்டாரை சென்னை ஏ.சி. ரூமுக்குக் கொண்டு போனா மரம் சுருங்கும். நல்ல வேளை, மரம் நீளவாக்குல பெருசா சுருங்காது, அதனால சுரத்துக்கு ஆபத்து கம்மி. ஆனா அகலத்துல சுருங்கும். ஃப்ரெட் முனைகள் ஓரத்துல துருத்திக்கிட்டு கையைக் கிழிக்கும். மெஷினுக்கு அவசரப்படுறதை விட, பலகையை அறுத்து காத்தோட்டமான இடத்துல அடுக்கி சில மாசம் காய விடுறது தான் லாபம். காத்திருக்கிறதுக்கு இ.எம்.ஐ. கிடையாது.

நோ காஸ்ட் இ.எம்.ஐ., சைடு இன்கம்

36,000-ஐ 12-ஆல வகுத்தா மாசம் 3,000. "வட்டியே இல்லையே அண்ணே!" ரிசர்வ் வங்கி 2013-லயே பூஜ்ய வட்டின்னு ஒண்ணு கிடையாதுன்னு சொல்லிடுச்சு. நடைமுறையில, வட்டி அளவுக்கு விலையில தள்ளுபடி காட்டிட்டு, வங்கி அந்த வட்டியை இ.எம்.ஐ.ல வசூல் பண்ணும். அந்த வட்டி மேல 18 சதவீத ஜி.எஸ்.டி. உங்க தலையில. 15 சதவீத வட்டின்னு எடுத்தா உள்ள ஒளிஞ்சிருக்கிற வட்டி சுமார் 2,760, ஜி.எஸ்.டி. சுமார் 500. பிராசஸிங் கட்டணம் தனி. தொகை சின்னது தான். பெரிய நஷ்டம் என்னன்னா, 2,300 ரூபாய்ல முடியுற ஆசையை 12 மாசக் கடனா மாத்திக்கிறது.

"ஆனா நான் கிட்டார் செஞ்சு விக்கப் போறேன்"னு சிலர் சொல்வீங்க. நல்ல ஆசை. தமிழ்நாட்டுலயே ஆரோவில்ல எரிசா நியோகி கையால கிட்டார் செய்யுறார், முடியாத காரியம் இல்ல. ஆனா அது பல வருஷ உழைப்புல வந்த பேரு. விக்கிற முதல் கிட்டாருக்கு முன்னாடி எத்தனை கிட்டார் பழகணும்னு யோசிங்க. அந்தப் பழகுற கிட்டார்களுக்கு மரம், கம்பி, ட்யூனிங் கீ எல்லாம் காசு. மெஷின்ல மிச்சம் பிடிச்ச 30,000 சொச்சம் அங்க தான் போகணும்.

எதிர்க்கருத்து ஒண்ணை நியாயமாச் சொல்லிடறேன். "நல்ல டூல் ஆயுசுக்கும் வரும், சீப் டூல் ரெண்டு தடவை வாங்கணும்." உண்மை தான், தினமும் அதைத் தொடுற ஆசாரிக்கு. அவருக்கு அது கருவி, பிழைப்பு. வீட்டு அலமாரி, கதவு, கட்டில்னு நீங்களும் தொடர்ந்து மரவேலை செய்யப் போறீங்கன்னா பெரிய டேபிள் சா வாங்குங்க, தப்பே இல்ல. ஆனா அந்தச் செலவை அலமாரிக் கணக்குல எழுதுங்க. கிட்டார் பேரைச் சொல்லி வாங்காதீங்க.

திண்டுக்கல் பூட்டுக்கும் புவிசார் குறியீடு இருக்கு. ஆடலூர்ல இருந்து மலை இறங்கினா வர்ற ஊர் தான். அந்தப் பட்டறைகள்ல கையில அரம் வெச்சு ராவி ராவித் தான் சாவியும் லீவரும் பொருந்த வைக்கிறாங்க. பொருந்தலைன்னா பூட்டே இல்ல. விலை கூடின மெஷின் இல்லாம துல்லியம் வராதுன்னு யாராவது சொன்னா, ஒரு தடவை அங்க போய்ப் பாத்துட்டு வரச் சொல்லுங்க.

தம்பிக்கு என் பதில்

இந்த மாசம் டெம்ப்ளேட்டும் கை ரம்பமும் மட்டும் வாங்குங்க. சில்வர் ஓக் துண்டுல 20 காடி வெட்டுங்க. அதுல ஃபீலர் கேஜும் ஸ்டீல் ஸ்கேலும் ஓகே சொன்னா, இன்னொரு துண்டுல இன்னொரு 20. ரெண்டும் சரியா வந்த பிறகு ஈட்டியில கை வைங்க. கார்ட்ல இருக்குற 36,000 ரூபாய் மெஷினை டெலிட் பண்ணிட்டு, அந்த 3,000-ஐ உங்க எமர்ஜென்சி ஃபண்டுக்கு ஆட்டோ டெபிட் போடுங்க. மூணாவது கிட்டாருக்கு ஆள் வந்தா அப்போ மினி சா பத்திப் பேசலாம்.

20 ஃப்ரெட்டுக்குமான அளவுப் பட்டியலையும், "எத்தனையாவது கிட்டார்ல லாபம்"ங்கிற கணக்கு ஷீட்டையும் சேனல்ல இந்த வார வீடியோவுல ஸ்க்ரீன்ல போட்டுக் காட்டியிருக்கேன். கிட்டாருக்குப் பதிலா உங்க கேமராவையோ ஓவனையோ போட்டும் பாக்கலாம். ஒரு ஹாபி சாமானோட விலையை, அதை நிஜமா எத்தனை தடவை தொடுவீங்களோ அந்த எண்ணால வகுத்துப் பாருங்க. வர்ற எண்ணைப் பாத்துட்டு கார்டை எடுங்க. அடுத்த வாரம் சந்திப்போம் நண்பர்களே!